தொப்பிக்குள் கை

12 ஆகஸ்டு 1987

மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது. டுடோரியலில் இன்று செயப்பாட்டுவினை முடித்தேன். பின்வரிசையில் வழக்கம்போல் தூக்கம். எல்லாம் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் தவறிய பிள்ளைகள். சிலர் ஒரு தடவை, சோலை மாதிரி சிலர் நாலு தடவை. ஆனால் என் வகுப்பில் தூங்கியவன்கூட பாஸாவான். அருப்புக்கோட்டையில் ஐந்து வருடமாக அதுதான் பேச்சு. "குருவம்மா டீச்சர்ட்ட விடுங்க, கரையேத்திருவாக."

சாயங்காலம் டுடோரியல் முதலாளி கோட்டைச்சாமி சார் கூப்பிட்டார். கூட்டம் அதிகமாகிவிட்டதாம், இங்கிலீஷுக்கு இன்னொருவரைப் போடப்போகிறாராம். எனக்கு ஒத்தாசையாக இருக்குமாம். நான் கேட்டேனா?

17 ஆகஸ்டு

வந்துவிட்டான். பெயர் மாதவன், திருச்சுழிக்காரன். என்னைப்போல பி.ஏ., பி.எட். அதற்கு மேல் தபாலில் எம்.ஏ. வேறு முடித்திருக்கிறான். இடது கால் போலியோ. முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி நடக்கிறான். டுடோரியல் இருப்பது நூல் கடைக்கு மேலே மாடியில், படி செங்குத்து. பையன்கள் கைகொடுக்க ஓடினார்கள்.

"நான் மெதுவா வாரேன். நீங்க முன்னால போயி எனக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வைங்கடா" என்றான்.

அவ்வளவுதான். முதல் நாளே பையன்கள் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எனக்கு நாற்காலி பிடித்து வைக்க ஐந்து வருடத்தில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்குக் கால் நன்றாக இருக்கிறது என்பதாலா?

21 ஆகஸ்டு

என் கரும்பலகையில் ஏதோ படம் வரைந்துவிட்டுப் போயிருக்கிறான். நன்றாகத்தான் இருந்தது. அழித்தேன்.

2 செப்டம்பர்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அவன் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பிள்ளைகள் மணிக்கு மணி பக்கம் மாறி உட்காருவார்கள். அப்போது அவன் பக்கம் இருந்த சோலை எழுந்து கேட்டான், "சார், ஒங்களுக்கு ஹேண்டிகேப்டு கோட்டாவுல கவர்மெண்ட் வேலை ஈசியாக் கிடைக்கும்னு எங்க அண்ணன் சொல்லுச்சு. அந்த ஹேண்டிகேப்புன்னா என்ன அர்த்தம் சார்?"

என் வகுப்பும் அப்படியே அடங்கிவிட்டது. நான் சாக்பீஸோடு நின்றேன்.

அவன் கோபப்படவில்லை. "அது ரெண்டு சொல்லு சேர்ந்தது. ஹேண்டுன்னா கை, கேப்புன்னா தொப்பி. ஒரு காலத்துல இங்கிலாந்துல, சண்டையில கைகால் போனவுகளுக்கு ராஜா என்ன குடுத்தாரு தெரியுமா? வேலை குடுக்கல. தெருவுல பிச்சை எடுத்துக்கிறலாம்னு அனுமதி குடுத்தாரு. தொப்பியக் கையில பிடிச்சு நீட்டிக்கிட்டு நின்னாக. அதுலேருந்து வந்த சொல்லு." சாக்பீஸால் பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எங்கிட்டத் தொப்பி இல்ல, சாக்பீஸுதான் இருக்கு. எழுது, அடுத்த வார்த்தை" என்றான்.

என் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி தாவணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

9 செப்டம்பர்

இப்போது எல்லாருக்கும் சொல்லைப் பிளந்து பார்க்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லும் பிரேக்ஃபாஸ்ட் என்றால் இராத்திரி முழுக்க இருந்த விரதத்தை முறிப்பதாம். கப்போர்டு என்றால் முதலில் கோப்பை வைக்கும் வெறும் பலகையாம். இடைவேளையில் அவனைச் சுற்றி ஈ மொய்க்கிற மாதிரி நிற்கிறார்கள். என் வகுப்பில் சோலை கேட்கிறான், "நீங்களும் ஒரு கதை சொல்லுங்க டீச்சர்."

"கதை இங்கு சொல்லப்படமாட்டாது. இதை இங்கிலீஷில் மாற்று" என்றேன்.

மாற்றிவிட்டான். சரியாகவே மாற்றினான். அது நான் சொல்லிக்கொடுத்தது. அதை யார் நினைக்கிறார்கள்?

ஆனால் ஒன்று. அந்தத் தொப்பிக் கதை எனக்கு இடிக்கிறது. கையில் தொப்பி என்றால் இங்கிலீஷில் கேப் அல்லவா முன்னால் வர வேண்டும்? கேட்கக் கேட்க உருக்கமாக இருக்கிற கதையை எனக்கு எப்போதும் நம்பத் தோன்றாது.

14 செப்டம்பர்

லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போய் வந்தேன். படித்த கல்லூரி நூலகத்தில், எடுத்தால் கை வலிக்கிற அந்தப் பெரிய அகராதி இன்னும் இருக்கிறது. மேசையில் வைத்து, முந்தானையால் தூசி தட்டி, பக்கத்தைத் தேடினேன்.

அவன் சொன்னது தப்பு. பிச்சைக்காரன், ராஜா, அனுமதி, எதுவும் இல்லை.

அது ஒரு பழைய வியாபார விளையாட்டு. இரண்டு பேர் தங்கள் பொருளை மாற்றிக்கொள்ள நினைப்பார்கள். எது உசத்தி, மட்டமான பொருள்காரன் மேலே எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். இரண்டு பேரும் ஒரே தொப்பிக்குள் கையை விட்டு, ஒரே நேரத்தில் வெளியே எடுப்பார்கள். கையை எடுக்கிற விதத்திலேயே சம்மதமா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒருவர் முடிவு மற்றவருக்கு முன்னாலேயே தெரியாது. கையில் தொப்பி இல்லை, தொப்பிக்குள் கை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அய்யாவின் துண்டு ஞாபகம் வந்தது.

எங்கள் அய்யா தவசி, ஆட்டுத் தரகர். எம்.ரெட்டியபட்டியில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. வாங்குபவர் கையைப் பிடிப்பார், மேலே துண்டைப் போடுவார். உள்ளே விரலால் பேச்சு நடக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது ஆட்டைப் பார்த்தாலே தெரியும். இதற்கு மேல் உள்ள சூட்சுமம் எனக்குத் தெரியாது. சுற்றி நிற்பவர்கள் காதில் விலை விழாது, முகத்திலும் ஒன்றும் தெரியாது. எட்டு வயதில் எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்குத் தாயி" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டுடோரியலில் யாருக்கும் இது தெரியாது. "அய்யா வியாபாரம் பண்றாக" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அகராதியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்த நடுவர் விளையாட்டு பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போயிருக்கிறது. நன்றாக ஓடுகிற குதிரை முதுகில் கூடுதல் பாரம் ஏற்றுவார்களாம், மற்றக் குதிரைகளுக்குச் சமமாக. அந்தப் பாரத்துக்குப் பெயர்தான் ஹேண்டிகேப். உடம்புக் குறையைச் சொல்ல வந்தது அதற்கெல்லாம் பிறகு.

இந்தக் குதிரைக் கதையை அவனுக்குச் சொல்ல மாட்டேன். அவனுக்கு இனிக்கும்.

26 செப்டம்பர்

பரீட்சைக்கு முந்தின வழியனுப்பு விழா. மிக்சர், கலர், கோட்டைச்சாமி சாரின் நீளமான பேச்சு. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள்.

பத்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். "நம்ம மாதவன் சார் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னாக. கேக்க நல்லா இருந்துச்சு. ஆனா அது சரியில்ல" என்று ஆரம்பித்தேன். அகராதியில் பார்த்ததைச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. தொப்பி இல்லாததால் கோட்டைச்சாமி சார் தோளில் கிடந்த துண்டை வாங்கி, சோலையின் கையைப் பிடித்து, மேலே போட்டுக் காட்டினேன். பழக்கமா, வேகமா, தெரியவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எங்க அய்யா சந்தையில இப்படித்தான் ஆட்டுக்கு வெல பேசுவாக."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பின்வரிசையில் ஒருத்தன் "ம்ம்மே" என்றான். சிரிப்பு.

போகட்டும். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்காகத்தானே இவ்வளவும். அது வாடவில்லை. அவன் மேசையைப் பிடித்து எழுந்தான்.

"அப்ப பிச்சைக்காரன் இல்லையா டீச்சர்?"

"இல்லை."

"நிச்சயமா? புத்தகத்துலயே போட்டிருக்கா?"

"பக்கத்தோட காட்டுறேன்."

சிரித்தான். எல்லார் முன்னாலும், தப்பு என்று நிரூபிக்கப்பட்டவன், பொங்கலுக்குப் புதுச் சட்டை போட்ட பையன் மாதிரி சிரித்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள். யாருக்குத் தட்டினார்கள்? அவனுக்கு.

27 செப்டம்பர்

காலையில் படிக்கட்டுக்குக் கீழே எனக்காக நின்றிருந்தான். எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அந்தத் தொப்பிக் கதையைச் சொல்லி, இவனை எழுப்பி நிறுத்தி, "இந்தா நிக்கிறான்ல, அந்தச் சாதி" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து மனு எழுதும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லில் பேனா நிற்குமாம்.

"அதான் டீச்சர், எவனும் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிப்புடுவேன். நேத்துதான் அது போச்சு" என்றான்.

அவனைக் கீழே தள்ளப் போனேன், தோளில் தூக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு நன்றாக வேண்டும்.

"ஒங்க அய்யாவப் பாக்கணும். நான் சந்தைக்கு வரலாமா?" என்றான். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

11 அக்டோபர்

போனான். வெயிலில் அரை நாள் ஆடுகளுக்கு நடுவில் நின்றிருக்கிறான். அய்யா அவனுக்குக் கையைக் கொடுத்திருக்கிறார். துண்டைப் போட்டு, விரல் விரலாக, எல்லாம். ஒரே நாளில்.

வீட்டுக்கு வந்த அய்யாவுக்கு அவன் பேச்சுதான். சோறு போடும்போது கேட்டேவிட்டேன். "நான் கேட்டப்ப மாட்டேன்னீங்க. நான் பொட்டப்பிள்ளைன்னா?"

"அதில்ல தாயி. ஒம் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். நீ ஒண்ண நெனச்சா ஊருக்கே தெரியும். அந்தத் தம்பி மூஞ்சியில ஒண்ணு தெரியணுமே. ஊருப்பட்ட சனம் காலையே பாக்கும்போது, அதத் தாங்கித் தாங்கிப் பழகுன மூஞ்சி."

இலையை எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். வகுப்பை எடுத்துக்கொண்டான், சரி. அய்யாவையுமா?

6 டிசம்பர்

ரிசல்ட் வந்தது. சோலை பாஸ். இங்கிலீஷில் நாற்பத்தொன்று. மிட்டாய் கொண்டுவந்தான். முதல் மிட்டாய் மாதவனுக்கு. இரண்டாவது எனக்கு.

தின்னவில்லை. டப்பாவில் கிடக்கிறது.

18 பிப்ரவரி 1988

அவனுக்குக் கவர்மெண்ட் வேலை. நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நான் பதிந்தது அவனுக்கு மூன்று வருடம் முன்னால். எனக்கு இன்னும் ஒரு இன்டர்வியூ கார்டுகூட வரவில்லை.

ஆபீஸ் அறையில் எல்லாரும் வாழ்த்திவிட்டுப் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். வாயை அடக்கியிருக்கலாம். "கோட்டா இல்லாட்டி இந்த ஆர்டர் எனக்கு வந்திருக்கும்" என்றேன். அதோடு விட்டேனா? இத்தனை மாதம் பூட்டி வைத்த குதிரைக் கதையையும் எடுத்து வீசினேன். "நல்லா ஓடுற குதிரை முதுகுலதான் பாரத்த ஏத்துவாங்களாம். அந்தப் பாரத்துக்குப் பேருதான் ஹேண்டிகேப். அப்படிப் பார்த்தா எனக்குத்தான் அந்தப் பேரு. மத்தவுகளுக்குச் சமமா ஓடட்டும்னு எம் முதுகுலதான் ஏத்தியிருக்கு."

அவன் முகம் மாறவில்லை. அய்யா சொன்ன அதே முகம். மெதுவாகத்தான் கேட்டான்.

"நல்லா ஓடுற குதிரைக்குத்தான் பாரமா டீச்சர்?"

"ஆமா."

"எனக்கு எட்டு மாசக் குழந்தையிலயே ஏத்திட்டாகளே. அப்பவே தெரிஞ்சிருக்கு போல."

ஆர்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினான். முழங்காலை அழுத்தி அழுத்தி. நான் அந்தப் படிகளில் அவன் இறங்குவதை அதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. என்ன பேச்சுப் பேசிவிட்டேன்.

3 மார்ச்

அவன் போய்ப் பத்து நாளாகிறது. பையன்கள் என் வகுப்பில் மறுபடியும் தூங்குகிறார்கள். கரும்பலகை முழுக்க எனக்குத்தான். நிம்மதி.

நிம்மதிதானா?

24 ஏப்ரல்

லீவு நாளில் அவன் சந்தைக்கு வருவதும், அய்யாவோடு டீ குடிப்பதும் நிற்கவில்லை. என்னிடம் மட்டும் "நல்லாருக்கீகளா டீச்சர்" என்பதோடு சரி. இன்றைக்கு வீட்டு முற்றத்திலேயே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, துண்டைப் போட்டுக்கொண்டு விரலால் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு முகத்திலும் ஒன்றும் இல்லை. என் வீட்டில், என் முன்னால், எனக்குத் தெரியாத பாஷை.

"ஆடு எங்க நிக்குது? எத வெல பேசுறீங்க?" என்று கேட்டேன்.

அய்யாதான் துண்டை எடுத்தார். "தம்பி ஒன்னையக் கேக்குது தாயி. வாயால கேக்கக் கூச்சமாம். விசாரிச்சிட்டேன், நம்ம ஆளுகதான்."

"நான் என்ன ஆடா?"

செம்பு கவிழ்ந்தது. நான் கவிழ்த்தேனா, தானாகக் கவிழ்ந்ததா தெரியாது. அவன் எழுந்து, "தப்புத்தான் டீச்சர். மன்னிச்சிருங்க" என்றான். போக விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தத் துண்டைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். அதற்குள் என் கை ஒரு நாளும் போனதில்லை.

"அய்யா, நீங்க நடுவரு. துண்டப் பிடிங்க. நான் ஒரு பக்கம், அவுக ஒரு பக்கம். புத்தகத்துல இருக்கிறபடி. விரிச்ச கைன்னா சம்மதம், மூடுன கைன்னா இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா எடுக்கணும்" என்றேன்.

அய்யா தரகுத் தொழிலில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை போல. துண்டை விரித்துப் பிடித்தார்.

உள்ளே இருட்டாக, வெதுவெதுப்பாக இருந்தது. அவன் கை பக்கத்தில் இருப்பது தெரிந்தது, படவில்லை. விரிக்கலாமா என்று ஒரு கணம் — இல்லை. நான் விரித்து அவன் மூடியிருந்தால்? கோட்டா, குதிரை எல்லாம் பேசியவள் நான்தானே. அவன் மனதில் அது இல்லாமலா இருக்கும்? மூடினேன்.

எடுத்தோம்.

இரண்டும் மூடியிருந்தன.

அய்யா இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். "வியாபாரம் இல்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். குரல் நன்றாக இல்லை.

25 ஏப்ரல்

கேட்டது அவன்தானே. கேட்டவன் ஏன் மூட வேண்டும்?

28 ஏப்ரல்

நரிக்குடியில் யாராவது டீச்சர் இருப்பாளோ? சிரித்துச் சிரித்துப் பேசுகிறவளாக? எனக்கென்ன. யாரோ இருக்கட்டும்.

2 மே

நேற்று முழுக்க அந்த இல்லாத டீச்சரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், மனதுக்குள்ளேயே. அவளுக்கு ஒரு மூக்குத்திகூட போட்டுவிட்டேன். இது சரிப்படாது. நாளைக்கு நேரில் கேட்டுவிடுவது.

3 மே

திருச்சுழி பஸ் நிறுத்தம். வெயில் மண்டையைப் பிளந்தது. லீவுக்கு ஊருக்கு வந்திருந்த மாதவனுக்குச் சொல்லி அனுப்பி வரச் செய்தேன். சிமெண்டுப் பெஞ்சில் இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவர். நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம்.

"கேட்டது நீங்க. அப்புறம் ஏன் கைய மூடுனீங்க?"

பஸ் ஒன்று வந்து நின்று புழுதி கிளப்பிவிட்டுப் போனது.

"நீங்க மூடுவீகன்னு தெரியும் டீச்சர். ஒங்க மூஞ்சியில தெரிஞ்சுச்சு. எங்கை மட்டும் விரிஞ்சு வெளிய வந்தா எப்படி இருக்கும்? நீட்டுன கை. மறுபடியும் அந்தத் தொப்பிக் கதைதான்."

நான் மூடியதற்கும் அதுதானே காரணம்? என் கை மட்டும் விரிந்து வந்துவிடக்கூடாது என்று. அவர் ஆயுசு முழுக்கப் பயந்ததை நான் ஒரு கணம் பயந்தேன்.

துண்டு இல்லை, தொப்பி இல்லை, நடுவர் இல்லை. பெஞ்சின் நடுவில், சிமெண்டுச் சூட்டில், என் கையை விரித்து வைத்தேன். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். யாராவது ஒருத்தர் முதலில் நீட்டித்தானே ஆக வேண்டும்.

நரிக்குடியில் அப்படி டீச்சர் யாரும் இல்லையாம். இருப்பவர் ஒருவர்தானாம், அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறதாம்.

10 ஜூலை 1995

டுடோரியலில் இன்று புதுக் கூட்டம், முதல் நாள். செயப்பாட்டுவினை. பின்வரிசையில் தூக்கம்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் அய்யாவும் மகள் சுகாவும் எதிரெதிரே. கை மேல் துண்டு. ஆறு வயதுக் கழுதை, முகத்தை அம்மன் சிலை மாதிரி வைத்துக்கொண்டு விரலால் விலை பேசுகிறாள். அப்படியே அவள் அப்பா முகம்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு எரிச்சல் வருகிறதோ. "நான் எட்டு வயசுல கேட்டேன். எனக்கு இல்லைன்னீங்க. இவ கேட்டவுடனே சொல்லிக் குடுத்திட்டீங்களாக்கும்" என்றேன்.

"அவ எங்க கேட்டா? துண்டத் தூக்கிக் கைய உள்ள விட்டுட்டா. விட்ட கையத் தள்ள முடியுமா தாயி?"

சுகா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறதாம்.

அடுப்படிக்குப் போனேன். பாலை ஏற்றினேன், இறக்கினேன். சர்க்கரை போட்டேனா என்று ஞாபகமில்லை. திரும்பி வந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டைத் தூக்கி என் கையையும் உள்ளே விட்டேன். உள்ளே ஒரு சின்னக் கை என் இரண்டு விரலைப் பிடித்தது, ஒரு பெரிய காய்த்துப்போன கை முழுக் கையையும் பிடித்தது. என்ன விலை, யாருக்கு, ஒன்றும் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து இவர் நரிக்குடி பஸ்ஸிலிருந்து வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன வெல போகுது?" என்றார்.

அய்யா முகத்தில் ஒன்றும் இல்லை. சுகா முகத்திலும் இல்லை. இவர் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சிரித்தார்.